வாவியும் வையமும்

புவியியலை நம் மாணாக்கர் பலர் ஒரு மனனப் பாடமாகவே கருதி வருகின்றனர். நைல் நதி எத்திசை நோக்கிப் பாய்கின்றது, ஆசுத்திரேலியாவின் ஆட்டு மந்தைகள் எப்பகுதியில் மேய்கின்றன, கனடாவின் கோதுமை எந்நிலத்தில் விளைகின்றது என்பன போன்ற வினாக்களுக்கு அவர்கள் தடையின்றி விடை பகர்வர். அவர்களையே நோக்கி, "உங்கள் ஊர் வயலில் விழுந்த மழைநீர் எவ்வழியாகக் கடலைச் சேர்கின்றது? சேராது நிற்குங் காலம் எது? நின்றால் யாருக்கு நட்டம், யாருக்கு இலாபம்?" என வினவின், பலர் வாய்திறவார். சேய்மையிலுள்ளது துலங்கக் காலடியிலுள்ளது மறைந்துபோதல் விந்தையன்றோ!

இக்குறை மாணாக்கரது குறையன்று. உலகத்தைப் பிரதேசங்களாக வகுத்து, ஒவ்வொன்றுக்கும் தரைத்தோற்றம், காலநிலை, இயற்கைத் தாவரம், விளைபொருள், குடித்தொகை என ஐந்து தலைப்பிட்டுக் குறிப்பெழுதும் முறை நெடுங்காலமாக நம் வகுப்பறைகளில் வழங்கி வருகின்றது. தலைப்புகள் தவறானவையல்ல. அவை ஒன்றோடொன்று எவ்வாறு பிணைந்துள்ளன என்பதே கற்பிக்கப்படுவதில்லை. பிணைப்பை விடுத்துப் பட்டியலை மட்டும் கற்பவன், நூலை அறுத்துவிட்டு மணிகளை எண்ணுபவனை ஒப்பான்.

பிரதேசம் என்பது படத்தில் வண்ணந் தீட்டிய பரப்பு மாத்திரமன்று. நிலமும் நீரும் பருவமும் மக்களும் தம்முள் செய்துகொண்ட ஓர் உடன்பாடே பிரதேசம். அவ்வுடன்பாடு ஒருமுறை எழுதி முடிவது அன்று; ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டுவது. இவ்வுண்மையை விளக்குதற்கு மட்டக்களப்பு வாவியினும் சிறந்த எடுத்துக்காட்டு நம்மவர்க்கு வேறில்லை எனலாம்.

இரு கரைகளின் பெயர்

மட்டக்களப்பு என்னும் பெயரிலேயே களப்பு இருக்கின்றது. பாடநூல்கள் களப்பு என்று கூறும் அந்நீர்ப்பரப்பை ஊரார் வாவி என்பர். கடற்கரைக்கு இணையாக வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கும் இவ்வாவியின் நீளம் ஏறத்தாழ 56 கிலோமீற்றர். நீளத்துக்கேற்ற ஆழம் இதற்கில்லை. பெரும்பாகம் ஆழங் குறைந்ததே. நகரின் பழைய நடுவிடமாகிய புளியந்தீவு இவ்வாவி சூழ்ந்த ஒரு தீவேயாகும்.

வாவிக்குக் கிழக்கே, கடலுக்கும் அதற்கும் இடையில் ஒடுங்கிய மணற்றிடல் ஒன்று நீண்டு செல்கின்றது. கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி, செட்டிபாளையம், களுவாஞ்சிகுடி, கல்லாறு முதலிய ஊர்கள் அத்திடலில் அடுத்தடுத்து அமைந்துள்ளன. அதனை எழுவான்கரை என்பர். மேற்கே வயல்வெளிகளும் மேய்ச்சல் நிலங்களும் அவற்றிற்கப்பால் காடுகளும் பரந்துள்ளன. கொக்கட்டிச்சோலை, அம்பிளாந்துறை, மண்டூர் முதலிய ஊர்கள் அப்பாலுள்ளவை. அதனைப் படுவான்கரை என்பர். ஞாயிறு எழும் கரை ஒன்று; ஞாயிறு படும் கரை மற்றொன்று.

இப்பெயர்களைச் சூட்டியவர் எவ்விடத்து நின்று சூட்டினர் என்பதை ஆசிரியர் தம் மாணாக்கரைக் கேட்டுப் பார்த்தல் வேண்டும். எழுவான்கரையில் நிற்பவனுக்கு ஞாயிறு எழுவது அப்பாலுள்ள கடலில்; படுவான்கரையில் நிற்பவனுக்கு அது மறைவது அப்பாலுள்ள காட்டில். தான் நிற்கும் கரையை எழுவான் என்றோ படுவான் என்றோ சொல்ல ஒருவனுக்கு நியாயமில்லை. எதிர்க்கரையை நோக்குபவனே அவ்வாறு சொல்வான். இரு பெயர்களும் ஒருங்கே பொருந்துவது வாவியின் நடுவே தோணியில் நிற்பவனுக்கு மட்டுமே. எனவே இப்பெயர்கள் இரு வேறு நாடுகளின் பெயர்களல்ல. ஒன்றன் இரு பாதிகளுக்கு இடப்பட்ட பெயர்கள். பிரதேசம் என்பதன் இலக்கணம் இவ்விரு சொற்களுக்குள்ளேயே அடங்கிக் கிடக்கின்றது.

வாழ்க்கையும் அவ்வாறே அமைந்தது. மணற்றிடலில் தென்னையும் மீன்பிடியும் நெசவும் வாணிகமும் வளர்ந்தன. தமிழரும் முசிலிம்களும் அடுத்தடுத்த ஊர்களில் நெருங்கி வாழ்ந்தனர். மேற்குக் கரையில் நெல்லும் மாடும் பெருகின. எழுவான்கரையில் வீடுடைய போடியாருக்குப் படுவான்கரையில் வயல் இருந்தது. வேளாண்மைக் காலத்தில் வயற்காரர் வட்டையில் வாடியமைத்துத் தங்கினர். நெல்லும் தயிரும் கிழக்கே வந்தன. மீனும் தேங்காயும் துணியும் மேற்கே சென்றன. அம்பிளாந்துறை, மண்முனைத்துறை, குருமண்வெளித்துறை என்று துறைகளின் பெயர்கள் இன்றும் வழங்குவது இக்கொள்வினை கொடுப்பினையின் சான்றாகும். ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிச்செல்லும் மிதவைக்கு இங்கு வழங்கும் பெயர் 'பாதை' என்பது. நீரே வழியாகிய நாட்டில் ஓடத்துக்குப் பாதை என்று பெயர் அமைந்தமை எத்துணைப் பொருத்தம்!

வாவியின் பிறப்பு

உலகைப் பனி மூடியிருந்த காலம் முடிந்து, பனி உருகிக் கடல்மட்டம் உயர்ந்தபோது, தாழ்ந்த கரையோரங்களிலும் ஆற்றுப் பள்ளத்தாக்குகளிலும் கடல்நீர் புகுந்தது. பின்னர் அலையும் கரையோர நீரோட்டமும் மணலை அள்ளி வந்து வாய்களில் நிரப்பின. மணல் அணையாகி நீண்டு, உள்ளே புகுந்த நீரைக் கடலினின்றும் பிரித்தது. கடந்த சில ஆயிரம் ஆண்டுகளில் உலகின் களப்புகள் பல இவ்வாறே உருவாயின. மட்டக்களப்பு வாவியும் அவற்றுள் ஒன்று. ஆற்றின் வண்டலை ஒரு கையாலும் கடலின் மணலை மறு கையாலும் ஏந்தி நிற்பதே களப்பின் இயல்பு. இரண்டில் ஒன்று மிகினும் அது களப்பாக நிலைத்திராது. வண்டல் மிகின் நிலமாகும், கடல் மிகின் குடாவாகும்.

ஆதலால் களப்பு என்பது நிலையான பொருளன்று; ஒரு சமநிலை. இச்சமநிலையின் திறவுகோல் முகத்துவாரத்தில் இருக்கின்றது. நகருக்கு அண்மையில் பாலமீன்மடுப் பக்கம் ஒன்றும், தெற்கே கல்லாற்றுப் பக்கம் ஒன்றுமாக இவ்வாவி கடலோடு கலக்கும் வாய்கள் இரண்டு. இவை எப்போதும் திறந்திருப்பனவல்ல.

நிலமும் பொழுதும்

பழந்தமிழ் இலக்கணம் அறிந்தோர்க்கு இது புதுமையாகத் தோன்றாது. தொல்காப்பியர் முதற்பொருளை வகுத்தபோது நிலத்தை மட்டும் கூறி அமையாது, நிலமும் பொழுதும் என இரண்டனையும் இணைத்தே கூறினார். அதன்மேல் தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, தொழில் ஆகிய கருப்பொருள்கள் அமைந்தன. ஐந்து தலைப்பிட்டுக் குறிப்பெழுதும் இக்காலப் பாடநூலின் முறை இதனோடு ஒக்கும் எனச் சிலர் கருதக்கூடும். வேறுபாடு ஒன்றுண்டு. பாடநூல் பொழுதைக் காலநிலை என்னும் ஒரு பத்தியில் அடக்கிவிடுகின்றது. தமிழ் மரபோ பொழுதை நிலத்தோடு ஒப்ப முதலிலே வைக்கின்றது. முல்லையும் குறிஞ்சியும் வேனிலால் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்று இளங்கோவடிகள் காட்டியதும் இதனையே. நிலம் மாறாதிருக்கப் பொழுது மாறின், பிரதேசமே மாறிவிடுகின்றது.

வாவிக்கரையில் இதனைக் கண்ணாற் காணலாம். வைகாசி தொடங்கி ஆவணிவரை மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும். மத்திய மலைநாட்டில் தன் ஈரத்தை உதறிவிட்டு வரும் வறண்ட காற்று அது. ஆறுகள் மெலியும், வாவி நீர் வற்றும், கரையோரச் சேறு வெடிக்கும். உள்ளிருந்து தள்ளும் ஆற்றுநீர் இல்லாமையால் அலைகள் கொணரும் மணல் முகத்துவாரத்தை அடைத்துவிடும். ஐப்பசியில் மழை தொடங்கி, வாடைக்காற்றோடு மார்கழியில் மாரி உச்சம் பெறும். ஆண்டு மழையின் பெரும்பகுதி இச்சில மாதங்களிலேயே கொட்டித் தீர்க்கும். உன்னிச்சைக் குளமும் நவகிரிக் குளமும் நிரம்பும். வான்கதவுகள் திறக்கப்படும். காய்ந்து கிடந்த வாவி கரைபுரளும். கச்சானில் நெய்தலாகக் கிடந்த கரையோரம் மாரியில் மருதமாகின்றது. அறுவடைக்குப் பின் பட்டிமாடுகள் மேயும்போது அதுவே முல்லையாகின்றது. இலக்கண நூலார் திணை மயக்கம் என்றது இதுபோன்ற நிலத்தை அறிந்தே போலும்.

நீரின் உவர்ப்பும் பருவத்தோடு மாறுகின்றது. மாரியில் ஏறத்தாழ நன்னீராகும் பகுதிகள் கோடையில் உவர்க்கின்றன. முகத்துவாரத்துக்கு அண்மையில் உவர்ப்பு மிகுதி, தொலைவிற் குறைவு. இம்மாற்றத்தைத் தாங்கும் உயிர்களே இங்கு வாழ இயலும். சேற்றில் மூச்சுவேர் விட்டு நிற்கும் கண்ணாவும், தாங்குவேர் ஊன்றி நிற்கும் கண்டலும் அத்தகையன. அவற்றின் வேர்க்காட்டினுள் மீன்குஞ்சுகளும் இறாற்குஞ்சுகளும் ஒதுங்கி வளர்கின்றன. விறகுக்காகவோ வெளியாக்குதற்காகவோ கண்டற்காட்டை வெட்டுபவன், மீனவனது நாளைய வலையை அறுக்கின்றான் என்பதை மாணாக்கர் இவ்விடத்தே உணர்தல் கூடும்.

வாவியின் வாய்

இனி இக்கட்டுரையின் நடுப்பொருளுக்கு வருவோம். மார்கழியில் வெள்ளம் பெருகி முகத்துவாரம் அடைபட்டிருக்குமாயின் அதனை வெட்டிவிடுதல் வேண்டும். மணற்றிட்டில் ஒடுங்கிய வாய்க்கால் ஒன்றை வெட்டினாற் போதும். மிகுதி வேலையை நீரே செய்துகொள்ளும். சில மணி நேரத்தில் அவ்வாய்க்கால் அகன்று, வாவி நீர் முழக்கத்தோடு கடலிற் பாயும். வெட்டுதல் எளிது. எந்நாளில் வெட்டுவது என்பதே அரிது.

பெரும்போக நெல் விதைத்தவன் கணக்கை முதலிற் பார்ப்போம். புரட்டாதியிலும் ஐப்பசியிலும் விதைத்த பயிர் மார்கழியில் இளம்பயிராக நிற்கும். வாவியின் நீர்மட்டம் உயர்ந்து தாழ்வயல்களைப் பல நாள் மூடி நிற்குமாயின் பயிர் அழுகும். அவனுக்கு வாய் உடனே திறக்கவேண்டும். ஆனால் உரிய காலத்துக்கு முன் திறந்து, பின்னர் மழை பொய்க்குமாயின், நன்னீர் வடிந்துபோகக் கடல்நீர் உட்புகும். கரையோர வயல்களும் கிணறுகளும் உவர்க்கும். ஆகவே அவனுக்கும் காலங் கடந்து திறப்பது கேடு. காலத்துக்கு முன் திறப்பதும் கேடு.

மீனவன் கணக்கு வேறு. இறால் கடலில் முட்டையிடுகின்றது. அதன் குஞ்சு அலையோடு களப்பினுட் புகுந்து, ஆழமற்ற இளஞ்சூட்டு நீரில் வளர்ந்து, முதிர்ந்தபின் கடலுக்கு மீள்கின்றது. மணலையும் கொடுவாவும் கடலுக்கும் களப்புக்கும் இடையே சென்று வருவன. எனவே முகத்துவாரம் அவற்றின் வீட்டு வாயில். அது அடைபட்டே கிடந்தால் வாவியின் மீன்வளம் குன்றும். ஆயின், வளர்ந்து முடியாத இறாலும் மீனும் வெள்ளத்தோடு ஒரே இரவில் வெளியேறிவிடின், வீச்சுவலையையும் தூண்டிலையும் நம்பியிருக்கும் குடும்பத்துக்கு அப்பருவமே போயிற்று. தோணிக்காரனுக்கும் வேளாண்மைக்காரனுக்கும் வாய் திறக்கவேண்டும் என்பதில் கருத்து வேற்றுமையில்லை; இருவர்க்கும் உகந்த நாள் ஒன்றாக அமைவதில்லை என்பதே இடர்ப்பாடு.

இவ்விருவருள் எவன் நியாயமுடையவன்? இருவருமே நியாயமுடையவர். இங்கு நன்மைக்கும் தீமைக்கும் வழக்கில்லை. நன்மைக்கும் நன்மைக்குமே வழக்கு. முடிவு செய்யும் பொறுப்பு அரச நிருவாகத்தின் கையில் இருக்கின்றது. ஆயினும் மழையின் போக்கு, குளங்களின் நீர்மட்டம், கடலின் கொந்தளிப்பு, வயலின் பருவம், மீனின் பருவம் ஆகிய ஐந்தையும் ஒருங்கே எண்ணாது முடிவு செய்வாராயின், ஒரு கரையின் கண்ணீரைத் துடைக்க மறுகரையை அழவைத்தவராவர். 1957ஆம் ஆண்டு டிசெம்பர் வெள்ளத்தையும், 2011ஆம் ஆண்டு ஜனவரி வெள்ளத்தையும் கண்ட ஊர்களுக்கு இது ஏட்டுச் செய்தியன்று. மனிதரும் சூழலும் ஒன்றையொன்று தாக்கும் முறை என்று பாடத்திட்டம் கூறுவது, வகுப்பறைக்கு வெளியே இவ்வாறு ஊரின் வழக்காக நிற்கின்றது.

இயற்கையா, மனிதனா?

மனித வாழ்வை இயற்கையே முற்றாக நிருணயிக்கின்றதா என்னும் வினா புவியியலாரிடையே நெடுங்காலம் விவாதிக்கப்பட்டது. சேர்மன் அறிஞர் இராற்செல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிலத்தின் வலிமையைப் பெரிதாக எடுத்துரைத்தார். அவர் வழிவந்தோர் சிலர் அதனை மேலும் மிகைப்படுத்தி, வெப்பநாட்டார் இவ்வியல்பினர், குளிர்நாட்டார் அவ்வியல்பினர் என்று முத்திரை குத்தத் துணிந்தனர். பிரெஞ்சு அறிஞர் விடால் தெ லா பிளாசு (1845–1918) இதனை ஏற்றிலர். இயற்கை வழிகள் பலவற்றைக் காட்டுகின்றது. அவற்றுள் ஒன்றைத் தெரிந்தெடுப்பவன் மனிதனே என்பது அவர் கொள்கையின் சாரம். ஒவ்வொரு நிலத்திலும் மக்கள் தலைமுறை தலைமுறையாக உருவாக்கிய வாழ்க்கை முறையையே அவர் ஆராய்ச்சிக்குரிய பொருளாக முன்வைத்தார்.

வாவிக்கரை இவ்விரு கொள்கைகளையும் உரைத்துப் பார்க்கும் உரைகல்லாகும். 1978 நவெம்பர் 23ஆம் நாளிரவு வீசிய சூறாவளி தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்தது. 2004 டிசெம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை, கடலுக்கும் வாவிக்கும் இடையிற் கிடந்த நாவலடிக் கிராமத்தைச் சூறையாடிற்று. இவற்றைக் கண்டவர் இயற்கையின் வலிமையை மறுக்கமாட்டார். ஆனால் மனிதன் இட்ட கோடுகளும் இந்நிலத்தில் ஆழப் பதிந்துள்ளன. 1949இல் தொடங்கப்பெற்ற கல்லோயாத் திட்டம், பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறித்துப் பெருங்கடல் போன்ற நீர்த்தேக்கத்தை ஆக்கியது. நீரோடு நிலத்தையும் குடிகளையும் மாற்றியமைத்தது. 1961இல் மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பகுதி அம்பாறை மாவட்டமாகப் பிரிந்தது. ஆறும் வாவியும் நிருவாக எல்லையை அறியமாட்டா. எல்லை வகுத்தோர் அவற்றை அறிந்திருத்தல் வேண்டும்.

போர்க்காலத்தில் இப்பிணைப்பு அறுந்ததை மறைத்துப் பேசுதல் தகாது. 2007 வரை நெடுங்காலம் எழுவான்கரையும் படுவான்கரையும் வெவ்வேறு கட்டுப்பாட்டின் கீழ் இருந்தன. பாதையும் பாலமும் சோதனைச் சாவடிகளாயின. இரு பாதிகளை இணைத்த நீர், இரு பகுதிகளைப் பிரிக்கும் எல்லையாயிற்று. வயலுக்கும் வீட்டுக்கும், நோயாளிக்கும் வைத்தியசாலைக்கும், மாணாக்கனுக்கும் பாடசாலைக்கும் இடையில் அவ்வெல்லை நின்றது. நீரின் அகலம் அன்றும் இன்றும் ஒன்றே. ஒரு வாவி இணைப்பதும் பிரிப்பதும் இயற்கையால் அன்று, மனிதராலேயே என்பதற்கு இதனினும் கசப்பான சான்று வேண்டுவதில்லை. 1924இல் கல்லடியில் திறக்கப்பெற்ற இரும்புப் பாலத்துக்கு அருகே 2013இல் புதிய பாலம் எழுந்தது. 2014இல் மண்முனைத்துறையிலும் பாலம் அமைந்தது. அதனால் படுவான்கரை நகருக்கு அண்மையதாயிற்று. பாலம் தூரத்தைக் குறைப்பதில்லை, நேரத்தைக் குறைக்கின்றது. நேரம் குறைந்தால் சந்தையும் பாடசாலையும் இடம்மாறும். அவற்றின் பின்னே பிரதேசமும் உருமாறும்.

கடல்கடந்த உறவினர்

தன் வாவியை இவ்வாறு கற்ற மாணாக்கனுக்கு உலகப் படத்தை விரித்துக் காட்டுவோமாயின், அவனுக்கு அயலான நாடுகள் குறைவாகவே தோன்றும். முதலில் வங்கக்கடலின் மேற்குக் கரையை நோக்குவோம். ஒடிசாவிலுள்ள சிலிக்கா ஏரி மட்டக்களப்பு வாவியைப் போல உவர்நீர்க் களப்பே. பரப்பில் மட்டும் பன்மடங்கு பெரிது. ஆறுகள் கொணர்ந்த வண்டலாலும் கரையோர மணலாலும் அதன் வாய் ஒடுங்கியது, உவர்ப்புக் குன்றியது, நீர்க்களை பரவியது, மீன் அருகியது. 1981இல் உலக முதன்மை வாய்ந்த ஈரநிலமாக ராம்சார் பட்டியலில் ஏற்றப்பட்ட அவ்வேரி, 1993இல் ஆபத்துக்குள்ளான ஈரநிலங்களுள் ஒன்றாகக் குறிக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டு செத்தெம்பரில் கடலுக்குப் புதியதொரு வாய் வெட்டப்பட்டது. உவர்ப்பு மீண்டது, மீன்பிடி பெருகியது, 2002இல் அவ்வாபத்துக் குறி நீக்கப்பட்டது. வாய் என்பது ஒரு களப்பின் உயிர்நிலை என்பதற்கு இஃதோர் அண்டைநாட்டுச் சான்று.

அடுத்து இத்தாலியின் வெனிசு. அந்நகரத்தார் ஆறுகள் வண்டலால் தம் களப்பைத் தூர்த்துவிடும் என்றஞ்சிப் பல நூற்றாண்டுகளாக அவற்றைத் திசைதிருப்பி வெளியே கடலில் விட்டனர். களப்பு நிலமாகாது தப்பியது. ஆனால் வண்டல் வரவு குன்றியமையால் அதன் சேற்றுத்திட்டுகள் தேயலாயின. கடலின் கை ஓங்கியது. 1966 நவெம்பர் 4ஆம் நாள் வெள்ளம் நகரை மூழ்கடித்தது. இப்போது மூன்று வாய்களிலும் எழுந்து அமரும் இரும்புக் கதவுகளை அமைத்துள்ளனர். 2020 ஒக்டோபரில் அவை முதன்முறை பொங்குகடலைத் தடுத்து நிறுத்தின. ஒருபுறத்தைக் காத்தவன் மறுபுறத்தை இழக்கின்றான் என்னும் பாடம் அங்கும் உண்டு.

மூன்றாவதாக ஒல்லாந்து. அந்நாட்டார் நமக்கு முற்றும் புதியவரல்லர். 1628இல் போர்த்துக்கேயர் புளியந்தீவில் கட்டிய கோட்டையை 1638இல் கைப்பற்றியவர் அவரே. அக்கோட்டை வாவிக்கரையில் இன்றும் நிற்கின்றது. தாழ்நிலத்தாராகிய அவர்தம் நாட்டில் 1953 பெப்புருவரி முதல் நாள் புயலலை புகுந்து 1,800க்கு மேற்பட்ட உயிர்களைக் கொள்ளை கொண்டது. இனி இத்தகைய அழிவு நேரலாகாதென்று கழிமுகங்களை அணையிட்டு மூடத் தொடங்கினர். கீழைச் செல்டு என்னும் கழிமுகத்தின் முறை வந்தபோது, அங்குச் சிப்பி வளர்த்து வாழ்ந்தோர் எதிர்த்தெழுந்தனர். வாய் மூடப்பட்டால் உவர்ப்புப் போகும், சிப்பி மடியும் என்றனர். இயற்கை ஆர்வலரும் அவரோடு நின்றனர். வயலையும் வீட்டையும் காக்க மூடவேண்டும் என்றோர் ஒருபுறம். கடலுயிரைக் காக்கத் திறந்திருக்கவேண்டும் என்றோர் மறுபுறம். ஈற்றில் முழு அணை கைவிடப்பட்டது. வழமையாகத் திறந்திருந்து, புயல் வரும்போது மட்டும் மூடும் கதவுகளையுடைய தடுப்பு 1986இல் நிறைவேறியது. அதன் பொருட்டு அந்நாட்டார் பெருந்தொகை செலவிட்டனர். இரு திறத்தாரையும் கேட்டதன் விலை அது. கல்லாற்றுத் தோணிக்காரனும் படுவான்கரை வேளாண்மைக்காரனும் கொண்ட வழக்கு, உலகின் மறுகோடியில் வேறு மொழியில் நடந்தேறியது அன்றோ!

உலகப் பிரதேசப் புவியியலைக் கற்கும் வழி இதுவே என்பது எம் துணிபு. பிற நாடுகளைப் பட்டியலாகக் கற்றல் அறிவாகாது. நம்மிடமுள்ள வினாவுக்குப் பிறர் கண்ட விடையைத் தேடிக் கற்றலே அறிவாகும். அவர் விடை நமக்கு அப்படியே பொருந்தும் என்பதில்லை. ஒல்லாந்தின் செல்வம் நம்மிடம் இல்லை. வெனிசின் கடல் நம் கடலன்று. ஆயினும் வினா ஒன்றேயாதலின், ஒப்பிடுதல் பயன்தரும்.

ஆசிரியர் செய்யத்தக்கது

இந்நாட்டில் மேலைமுறைக் கல்வி கால்கொண்ட தொன்மையான இடங்களுள் மட்டக்களப்பும் ஒன்று. வில்லியம் ஓல்ற் பாதிரியார் இங்கு வந்து கல்விப்பணி தொடங்கியது 1814இல். அன்று தொட்டு இரு நூற்றாண்டுகளாக, வாவியின் காற்று வீசும் வகுப்பறைகளில் உலக உருண்டை சுழன்று வருகின்றது. காற்றும் உருண்டையும் ஒன்றையொன்று அறிமுகஞ் செய்துகொள்ள வேண்டிய காலம் இது. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் நிலைபெற்றுள்ள இந்நாளில் அதற்கு வசதியும் உண்டு.

பெருஞ்செலவு எதுவும் வேண்டுவதில்லை. மாணாக்கரை ஆண்டில் இருமுறை, கச்சானில் ஒருமுறையும் மாரியில் ஒருமுறையும், ஒரே துறைக்கு அழைத்துச் செல்லலாம். நீர்மட்டத்தை ஒரு மரக்கம்பில் குறிக்கச் செய்யலாம். நீரை நாவில் தொட்டு உவர்ப்பை ஒப்பிடச் செய்யலாம். துறையில் இறங்கும் பொருள்களையும் ஏறும் பொருள்களையும் எழுதச் செய்யலாம். பின்னர் ஒரு வேளாண்மைக்காரரையும் ஒரு மீனவரையும் அணுகி, முகத்துவாரம் எப்போது வெட்டப்படவேண்டும் என்று தனித்தனியே வினவி வரச்செய்யலாம். இரு விடைகளும் முரண்படும். அம்முரண்பாட்டோடு வகுப்பறைக்குத் திரும்பிய மாணாக்கனே புவியியல் கற்கத் தொடங்கியவன்.

ஊரார் கூற்றை இகழாது கேட்கும் பழக்கமும் இதனால் வளரும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இவ்வாவியின் இசையைக் கேட்ட ஆங்கில உத்தியோகத்தர் எமர்சன் தெனன்று, ஊர் மீனவர் அவ்வொலியை ஊரி என்னும் சிப்பியினத்துக்கு உரியதாகக் காட்டியதைத் தம் நூலிற் பதிவு செய்தார். பாடுவது மீனா ஊரியா என்பது ஒருபுறமிருக்க, ஆராய்பவன் முதலில் நீரில் இறங்குபவனிடம் கேட்டான் என்பதே நாம் கொள்ளத்தக்க முறை. காரைதீவிற் பிறந்து விஞ்ஞானமும் தமிழும் ஒருங்கே கற்ற விபுலாநந்த அடிகளார் (1892–1947) இசையை அளந்தும் கணித்தும் யாழ்நூல் இயற்றினார். ஊர்ச் செல்வத்தை உலக அறிவின் துலாக்கோலில் நிறுத்துப் பார்க்கும் அத்துணிவு, புவியியல் கற்போர்க்கும் வேண்டுவதே.

கடல்மட்டம் உலகெங்கும் உயர்ந்து வருகின்றது. மழை பருவம் பிறழ்ந்து பெய்கின்றது. மணற்றிடலில் வாழ்வோர்க்கும் தாழ்வயலில் விதைப்போர்க்கும் வருங்காலத்து முடிவுகள் இன்றையவற்றினும் கடினமாகும். முகத்துவாரத்தை என்று திறப்பது, எங்கு வீடு கட்டுவது, எக்கண்டலைக் காப்பது, எக்குளத்தை எப்போது திறப்பது என்பவற்றை நாளை முடிவுசெய்வோர், இன்று நம் வகுப்பறைகளில் நைல் நதியின் போக்கை மனனஞ் செய்துகொண்டிருக்கின்றனர். அவர்களுள் எழுவான்கரைப் பிள்ளை படுவான்கரையின் கணக்கையும், படுவான்கரைப் பிள்ளை எழுவான்கரையின் கணக்கையும் கூட்டிப் பார்க்கக் கற்குமாயின், வாவியின் உடன்பாடு தலைமுறை தோறும் புதுப்பிக்கப்படும். அவ்வாறு கற்ற பிள்ளைக்கு நைல் நதியும் வெறும் பெயராக இராது. அதன் இரு கரைகளிலும் யார் வாழ்கின்றனர், அவர் எதற்காக வழக்காடுகின்றனர் என்று அப்பிள்ளை தானே கேட்கும்.